சில்லறை இல்லாத தொகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பேங்க்கில் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை வாங்க வருகிறவர்களிடம் நான் எரிந்து விழுகிறேன் என்று மேனேஜரிடம் இதுவரை நாலு புகார் போயிருக்கிறது. போகட்டும். அந்த மூன்றாம் நம்பர் கண்ணாடிக்குப் பின்னால் பதினான்கு வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். யாரிடமும் குழைந்து பேசுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குழைந்து பேசினால் அவர்களும் பேச்சை வளர்ப்பார்கள், எதையாவது கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் திரையில் ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு கட்டங்கள். வலப்பக்கத்தில் நம் பணத்தில் எவ்வளவு என்று இருக்கும். அது அன்றைய மாற்று விலையைப் பொறுத்தது, எப்போதும் கோணல்மாணலாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது இடப்பக்கத்தை. வெளிநாட்டில் வேலை செய்கிறவன் அங்கத்துப் பணத்தில் எவ்வளவு அனுப்பினான் என்று அதில் இருக்கும். ஆயிரம், ஆயிரத்து இருநூறு, எண்ணூற்றைம்பது. உயிரோடு இருக்கிறவன் முழுத்தொகையாகத்தான் அனுப்புவான். சம்பளம் எவ்வளவு வந்தாலும் சில்லறையைத் தன் பையில் போட்டுக்கொள்வான். ஒரு டீ, ஒரு சோப்பு, போனுக்கு ஒரு கார்டு, இத்தனைக்கும் அதுதான்.

சில்லறையோடு வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

இது எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. அங்கே ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று அடுக்குக் கட்டிலில் படுத்துக் கிடக்கிறார்களே, அந்த அறைகளின் வழக்கம் இது. ஒருவன் செத்துப்போனால் கம்பெனி அவன் பாக்கிச் சம்பளத்தை அறையில் மூத்தவன் கையில் கொடுக்கும். அவர் அதைச் செத்தவனின் பணம் அனுப்பும் கார்டிலேயே, அவன் பெயரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போனவன் காசில் ஒரு காசைக்கூட மற்றவன் வைத்துக்கொள்ளக் கூடாது. அனுப்புகிற கட்டணத்தைக்கூட அறைக்காரர்கள் தங்கள் பையிலிருந்துதான் போடுவார்கள். அதனால் அந்தத் தொகை கடைசிக் காசு வரைக்கும் வந்து சேரும். நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று, அறுபது காசு. செய்தி ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றி வீட்டுக்கு வர மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். பணம் முந்திக்கொள்ளும். முதலில் தெரிந்துகொள்வது நான்தான்.

எதற்காக வந்த பணம் என்று நான் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். குடும்பச் செலவு, வியாபாரம், இரண்டில் ஒன்று. செத்துப்போனான் என்று ஒரு வகை அதில் இல்லை. குடும்பச் செலவு என்று தட்டுவேன். அது தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து நாட்டுக் கணக்கில் சேரும். மாதக் கடைசியில் எங்கள் ஹாலில் இருக்கும் டிவியில் கோட்டு போட்ட ஒருவர் வந்து, கடல் கடந்து உழைக்கும் நம் மக்கள் அனுப்பிய பணம் சென்ற மாதத்தைவிட இத்தனை சதவிகிதம் கூடியிருக்கிறது, பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டது என்பார். ஒரு வருஷம் அங்கே தொழிலாளர் கொட்டகை ஒன்று தீப்பிடித்து எங்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள் பதினோரு பேர் போனார்கள். அந்த மாதம் எங்கள் கிளைதான் வரவில் முதலிடம். கேடயம் கொடுத்தார்கள். மேனேஜர் அதை என் தலைக்கு மேலே, சுவரில் மாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கை மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம்தான் டோக்கன் மெஷின் என்னிடம் வாலாட்ட ஆரம்பித்தது. ஹாலில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மத்தியான நேரத்தில், யாரும் டோக்கன் எடுக்காமலே, நாற்பத்தொன்று, கவுன்ட்டர் மூன்று என்று கூப்பிடும். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மெக்கானிக் இரண்டு தடவை வந்து பிரித்து மாட்டினான், ஈரப்பதம் என்றான். சரி, ஈரப்பதம்தான். ஆனாலும் அது கூப்பிட்டால் நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த மரியாதையை நான் வேறு எந்த வாடிக்கையாளருக்கும் கொடுத்ததில்லை.

தையல்காரியின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் அங்கே உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி பெயின்ட் அடிப்பவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் பெயரில் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு, நாற்பது காசு வந்தது. அவளோ முகமெல்லாம் பல்லாக நின்று, இவ்வளவு பணம் எப்படி என்று கேட்டாள். போனஸாக இருக்கும் என்றேன். என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ, வந்துவிட்டது. அவள் நேரே போய்த் தையல் மெஷினுக்கு மோட்டாரும் ஒரு ஃபிரிட்ஜும் வாங்கினாள். நாலாம் நாள் அவளுக்குப் போன் வந்தது.

அடுத்த வாரம் டோக்கன் எடுக்காமல் என் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். தெரிந்துதானே சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அந்த மூணு நாளும் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அத யார் கணக்குல எழுதுறது?"

அன்றைக்கு ராத்திரி மனசு தாங்காமல் சில்லறை விஷயத்தை அம்மாவிடம் கொட்டிவிட்டேன். தம்பி போன் செய்தபோது அவனிடமும் சொன்னேன். என் தம்பிக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம், இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனுக்கு அங்கே எண்ணெய்த் தொட்டி கழுவுகிற வேலை. தொட்டிக்குள் இறங்கினால் இருபது நிமிஷம், மேலே வந்து இருபது நிமிஷம், மறுபடி உள்ளே. நான் சொன்னதை அவன் முழுசாகக் கேட்டான். பிறகு, அக்கா, உனக்குப் பேங்க்கை விட ஜோசியம்தான் சரி என்று சிரித்தான். அந்த மாதத்திலிருந்து பணம் அனுப்பியதும் ஒரு செய்தி போடுவான்: அக்கா, சைபரை எண்ணிக்கோ. ஆயிரத்து இருநூறு. சுத்தமாக இருக்கும்.

அம்மாவுக்கும் அது பழக்கமாகிவிட்டது. ஐந்தாம் தேதி சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும், சில்லறை இருக்கா என்று. இல்லம்மா என்று உரக்கச் சொல்வேன். அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி பஸ்ஸில் போகும்போது போனில் ஒரு செய்தி பார்த்தேன். அவன் இருக்கும் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிக்குள் விஷவாயு, மூன்று தொழிலாளர்கள் பலி, குடும்பத்தாருக்குத் தகவல் போன பிறகே பெயர் வெளியிடப்படும். நாலே வரி. நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் பஸ் போய்விட்டது. தம்பியின் போன் அணைந்திருந்தது. அங்கே தொட்டி கழுவுகிறவர்கள் நானூறு பேர் இருப்பார்கள், அதில் மூன்று பேர் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். கம்பெனிக்குப் போன் செய்தால் திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னார்கள். திங்கட்கிழமை வேறு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

அவன் அறையில் மூத்தவர் ஒருவர் உண்டு, எல்லாரும் அவரைப் பெருசு என்பார்கள். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. நாலாவது தடவை எடுத்தார். தம்பியை வேறு இடத்துக்கு வேலைக்குப் போட்டிருக்கிறார்கள், அங்கே சிக்னல் இல்லை, வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். அவர் பின்னால் அறை மொத்தமும் எள் விழுந்தால் கேட்கிற அமைதியில் இருந்தது. ஆறு ஆண்பிள்ளைகள் இருக்கும் அறை அப்படி இருக்காது. அவர் பொய் சொல்கிறார் என்று பட்டது, சொல்லவில்லை என்றும் பட்டது. அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றே ஒன்றுதான். ஐந்தாம் தேதி வர வேண்டும், இடப்பக்கக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். முழுத்தொகை வந்தால் என் தம்பி இருக்கிறான்.

ஐந்தாம் தேதி வரவில்லை. ஆறாம் தேதியும் இல்லை. அம்மாவிடம் சர்வர் ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாளும் எங்கே பார்த்தாலும் புள்ளிதான். மளிகைக்கடை ரசீதில், கரண்ட் பில்லில், மருந்துச் சீட்டில், எண்ணுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வரிசையாக நின்றார்கள். பதினோரு பேர், பெயின்ட் அடிப்பவன், இன்னும் நான் குடும்பச் செலவு என்று தட்டி அனுப்பிவைத்த அத்தனை பேரும். யாரும் என்னைத் திட்டவில்லை. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். வரிசையின் கடைசியில் யார் என்று நான் எட்டிப் பார்க்கவேயில்லை.

ஏழாம் தேதி, புதன்கிழமை, பதினொன்றரை மணிக்கு டோக்கன் மெஷின் என் நம்பரைக் கூப்பிட்டது. யாருமில்லை. வழக்கம்போல ஒரு நிமிஷம் கைகட்டி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். தம்பியின் பெயர் வந்திருந்தது. முதலில் வலப்பக்கத்தைப் பார்த்தேன், பெரிய தொகை. இடப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, புள்ளிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தேன். சைபர். சைபர். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு சைபர். ஆறாயிரத்து ஐநூறு.

அப்படியே எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் இவ்வளவு பணம் என்று யோசித்தபோது அதற்கும் விடை கிடைத்துவிட்டது. கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவன் இப்படித்தான் மொத்தமாக அனுப்புவான், சில்லறையை விமான நிலையத்தில் டீ குடிக்க வைத்துக்கொள்வான். எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன். விபத்துக்குப் பயந்து வேலையை விட்டுவிட்டான், வருகிறான். சைபரை எண்ணிக்கோ என்ற செய்தி வரவில்லையே என்று ஒரு மூலையில் உறுத்தியது. போன் தொலைந்திருக்கும் என்று அந்த மூலையை அடைத்தேன். திரும்பி வந்து குடும்பச் செலவு என்று தட்டினேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, இந்த மாத இலக்குக்கு உங்கள் வீட்டுப் பணமும் கைகொடுக்கிறதே என்றார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். மனிதர் பயந்துபோனார்.

சாயங்காலம் வாசலிலேயே கத்திவிட்டேன், சில்லறை இல்லம்மா, அவன் வர்றான் என்று. அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை, நேரே அவன் அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். மறுநாள் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்தாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வேண்டும் என்று, என்னைக் கேட்காமலே, தையல்காரிக்குச் சொல்லியனுப்பினாள். நடுநடுவே நான் பெருசுக்குப் போன் செய்தேன். அணைந்திருந்தது. அவரையும் வேறு இடத்துக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரி வந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படியை அவள் மிதித்தது அன்றுதான். என்னிடம் பேசவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள், அம்மா கீழே நின்று அதை இப்படித் தை, இதை அப்படித் தை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் யாரோ செருமினார்கள்.

ஐம்பது வயது தாண்டிய மனிதர், கையில் ஒரு துணிப்பை. அந்தப் பையை எனக்குத் தெரியும். தம்பி முதல் தடவை போகும்போது நான் வாங்கிக் கொடுத்த பை, பிடியில் என் பச்சை நூல் தையல் இருந்தது. அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். என்னைவிட எட்டு வயதாவது மூத்தவர். அந்த அறை மொத்தத்துக்கும் நான் அக்கா போலிருக்கிறது. தான்தான் பெருசு என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

அவனைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வந்தீர்களா, டாக்ஸிக்குச் சில்லறை இல்லையா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் பையைத் தரையில் வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொட்டிக்குள் முதலில் இறங்கியவன் அவன்தான் என்றார். உடம்பு வர இன்னும் பத்து நாள் ஆகும், எல்லாப் பேப்பரிலும் கையெழுத்து வாங்க வேண்டும், போனில் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை, அதனால் லீவு போட்டு நானே வந்தேன் என்றார்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றேன். சில்லறை இல்லாமல் வந்ததே என்றேன். என் திரையில் நானே பார்த்தேன், நாலு சைபர் இருந்தது, நீங்கள் வேறு யாருடைய அக்காவையோ தேடி வந்திருக்கிறீர்கள் என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். கம்பெனிக் கணக்கு. பாக்கிச் சம்பளம், ஓவர்டைம், எடுக்காத லீவு, பூட்ஸுக்குப் பிடித்துவைத்த பணம். அடியில் மொத்தம். ஆறாயிரத்து நானூற்று எண்பத்து மூன்று, முப்பத்தைந்து காசு.

"ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்," என்றார். "எங்க அக்கா சில்லறையப் பாத்தே கண்டுபிடிச்சிடும், எனக்கு எதாவது ஆச்சுன்னா சுத்தமா சைபர் போட்டு அனுப்புங்கடா, அது அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி தனியா உக்காந்திருக்கும்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். நாங்களும் சிரிச்சோம்."

எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. பேங்க்காரியின் வாய்.

"பதினாறு, அறுபத்தஞ்சு காசு. அஞ்சு பேரு இருந்தோம். ஆளுக்கு மூணு முப்பத்திமூணு."

எனக்குக் கோபம் வந்தது. உங்களை யார் கேட்டது, என் தம்பியின் காசில் உங்கள் காசைக் கலக்க நீங்கள் யார், எனக்கிருந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிட்டீர்களே என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனிதரின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. தம்பிக்கும் அப்படித்தான் இருக்கும். நான் கத்தவில்லை. போனஸாக இருக்கும் என்று ஒருத்தியிடம் சொன்னவளுக்கு எதைச் சொல்லிக் கத்துவது.

அறைக்குள் டேப் சுருட்டப்படும் சத்தம் கேட்டது. திரும்பினேன். தையல்காரி ஸ்டூல் மேலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், அந்த மனிதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். நாங்கள் பேசியது எதுவும் அவளுக்கு எட்டவில்லை. அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மகனுடைய பை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. புதுத் திரைச்சீலைக்கான துணி அவள் தோளில் கிடந்தது. அவன் கூட்டாளியா, வாங்க, உட்காருங்க, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். புதன்கிழமையிலிருந்து இந்த நாலு நாளும் அவள் இப்படித்தான் இருந்தாள். அதைக் கொடுத்தது நான்தான். அதை எடுத்துக்கொள்ள வேண்டியதும் நான்தான்.

அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். என் கையில் எண்கள் எழுதிய எந்தத் தாளைப் பார்த்தாலும் அவளுக்கு அது தம்பியின் பணம்தான். என்னைச் சீண்டுவதற்காக, வந்தவர் முன்னால் மகளின் ஜோசியத்தைக் காட்டிப் பெருமைப்படுவதற்காக, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடி, சில்லறை இருக்கா?"

மூன்று வருஷமாக இதற்கு எனக்கு ஒரே பதில்தான். நாக்கு தானாகவே அதைச் சொல்ல எழுந்தது. பெருசு தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரி ஸ்டூலிலிருந்து இறங்கினாள், சத்தமில்லாமல் வந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சொல்லு என்பது போலத் தலையசைத்தாள்.

"இருக்கும்மா," என்றேன். "முப்பத்தஞ்சு காசு இருக்கு."